பெருந்தொற்றுக் காலத்தில் குழந்தைகளின் கடுந்தொற்றுகள் ஏன் குறைந்தன, ஏன் திரும்பின?

கேட்கப்பட்டது இது: 2020இல் ஊரடங்கு நடந்தபோது குழந்தைகளுக்கு நிமோனியா, மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான தொற்றுகள் வெகுவாகக் குறைந்தன என்கிறார்களே, அது உண்மையான குறைவா, அல்லது கொரோனாவுக்குப் பயந்து பெற்றோர் மருத்துவமனைப் பக்கமே போகாததால் கணக்கில் விழுந்த ஓட்டையா? உண்மையான குறைவென்றால், அதே தொற்றுகள் 2021க்குப் பிறகு ஏன் முன்னைவிட வேகமாகத் திரும்பின? வீட்டுக்குள் அடைந்து கிடந்ததில் குழந்தைகளின் எதிர்ப்பாற்றல் பழுதாகிவிட்டதா?

குறைவு பெரும்பகுதி உண்மை. எதிர்ப்பாற்றல் பழுதானது என்ற பேச்சுக்கு ஆதாரம் மிகக் குறைவு. இந்த இரண்டையும் எந்தத் துணிவில் சொல்கிறேன் என்பதை விளக்கினால்தான் பதில் முழுமையாகும். அதற்கு எந்த நோய் குறைந்தது என்பதோடு, எந்த நோய் குறையவில்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

மிகத் தெளிவான கணக்கு இங்கிலாந்திலிருந்து கிடைக்கிறது. நாடு முழுவதற்கும் ஒரே அரசு மருத்துவச் சேவை என்பதால், ஒரு குழந்தை எந்த ஊர் அரசு மருத்துவமனையில் எந்த நோய்க்காகச் சேர்ந்தாலும் அது ஒரே பதிவேட்டில் ஏறிவிடும். 2017 மார்ச் முதல் 2021 ஜூன் வரையிலான அந்தப் பதிவுகளை எடுத்து, 14 வயது வரையுள்ளோருக்கு வரும் 19 வகைத் தொற்றுகளை ஒவ்வொன்றாகக் கணக்கிட்ட ஆய்வு 2022 ஜனவரியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. பெருந்தொற்றுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் இன்ஃப்ளூயன்சாவுக்காக (ஃப்ளூ காய்ச்சல்) மருத்துவமனையில் சேர்ந்த குழந்தைகள் ஆண்டுக்குச் சராசரியாக 5,379 பேர். 2020 மார்ச் முதல் 2021 பிப்ரவரி வரையிலான ஓராண்டில் 304 பேர். கைக்குழந்தைகளின் நுரையீரல் நுண்குழாய்களைத் தாக்கும் பிராங்கியோலைட்டிஸ் நோய்க்கு 51,655 பேர் சேர்ந்த இடத்தில் 9,423 பேர் மட்டுமே சேர்ந்தார்கள். மூளைக்காய்ச்சல் பாதியாகக் குறைந்தது. தடுப்பூசியால் தடுக்கக்கூடிய நோய்களில் பொன்னுக்குவீங்கி 53 விழுக்காடும் தட்டம்மை 90 விழுக்காடும் குறைந்தன. வேறு நோய் ஏற்கெனவே உள்ள குழந்தைகளிடமும் இந்தக் குறைவு தெரிந்தது.

பத்தொன்பதில் ஒன்று மட்டும் அசையவில்லை. சிறுநீரகத்தைப் பாதிக்கும் பாக்டீரியாத் தொற்றான பைலோநெஃப்ரைட்டிஸ், ஊரடங்குக்கு முன்பும் பின்பும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. இந்த ஒற்றை விதிவிலக்கை நான் மற்றப் பதினெட்டைவிட முக்கியமாகக் கருதுகிறேன். சிறுநீரகத் தொற்றை உண்டாக்கும் ஈ.கோலை பாக்டீரியா பெரும்பாலும் குழந்தையின் சொந்தக் குடலிலிருந்து வருவது. பக்கத்து வீட்டுக் குழந்தையின் இருமலிலிருந்து அது வருவதில்லை. ஊரடங்கால் அதைத் தடுக்க முடியாது. அதே வேளையில், காய்ச்சலில் நடுங்கி வாந்தியெடுக்கும் அந்தக் குழந்தையைப் பெற்றோர் மருத்துவமனைக்குக் கொண்டுவராமல் இருந்திருந்தால் அந்த எண்ணிக்கையும் மற்றவற்றோடு சேர்ந்து விழுந்திருக்க வேண்டும். அது விழவில்லை. உண்மையிலேயே நோய் முற்றிய குழந்தைகளைப் பெற்றோர் கொண்டுவரத்தான் செய்தார்கள் என்று இதிலிருந்து கொள்ளலாம்.

ஆனால் பயமே வேலை செய்யவில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 2020 மார்ச்சில் இத்தாலியின் ஐந்து மருத்துவமனைகளில் குழந்தைகளின் அவசரப் பிரிவுக்கு வந்தோர் எண்ணிக்கை, முந்தைய ஆண்டுகளின் அதே காலத்தோடு ஒப்பிடுகையில் 73 முதல் 88 விழுக்காடு வரை குறைந்தது. அவர்களில் பெரும்பாலோர் சாதாரணச் சளி, காய்ச்சலுக்கு வரக்கூடியவர்கள். வராமல் இருந்ததால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் அங்கேயே தாமதமாகக் கொண்டுவரப்பட்ட 12 குழந்தைகளைப் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள். அவர்களில் பாதிப் பேர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள், 4 பேர் இறந்தார்கள். இங்கிலாந்துக் கணக்கிலும் இதன் சாயல் உண்டு. நிமோனியாவால் இறந்த குழந்தைகளின் மொத்த எண்ணிக்கை குறைந்தபோதும், நிமோனியாவுக்காகச் சேர்க்கப்பட்டவர்களில் 60 நாட்களுக்குள் இறந்தோர் விகிதம் சற்று உயர்ந்தது. லேசான நிமோனியாக்கள் மறைந்து கடுமையானவை மட்டும் மிஞ்சியதால் விகிதம் ஏறியிருக்கலாம். சிலர் தாமதமாக வந்ததும் சேர்ந்திருக்கலாம். எப்படியானாலும் மொத்த இறப்பு குறைந்ததே. வெறும் பயத்தால் வந்த குறைவாக இருந்திருந்தால், வீட்டிலேயே முற்றிய நோய் இறப்பை ஏற்றியிருக்கும்.

உடல்நலச் சேவை உறுதியாக நின்ற நாடுகளின் கதை இது. நேபாளத்தில் ஒன்பது மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில், ஊரடங்கின்போது மருத்துவமனைப் பிரசவங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததும், அங்கே பிறந்த குழந்தைகளில் இறந்தோர் ஆயிரத்துக்கு 13இலிருந்து 40ஆக உயர்ந்ததும் தெரியவந்தது. அந்த இறப்புகள் எல்லாம் தொற்றால் நேர்ந்தவை என்று கூற முடியாது. ஆனாலும், கிருமிப் பரவல் குறைந்ததால் கிடைத்த நன்மையை வண்டி கிடைக்காததும் செவிலியர் இல்லாததும் விழுங்கிவிடக்கூடிய இடங்கள் உலகில் நிறைய என்பதை மறந்துவிட்டு இங்கிலாந்தின் எண்களை எல்லா நாட்டுக்கும் பொருத்தக் கூடாது.

குறைவு உண்மை என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 26 நாடுகள், ஆட்சிப்பகுதிகளின் ஆய்வகங்கள் சேர்ந்து, இரத்தத்திலும் மூளைத் தண்டுவட நீரிலும் பாக்டீரியா புகுந்த கடும் நோய்களை மட்டும் கணக்கெடுத்தன. நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சே, மெனிங்கோகாக்கஸ் ஆகிய மூன்றும் மூச்சின் வழியாகப் பரவும் பாக்டீரியாக்கள். மூன்றும் 2020இன் தொடக்க மாதங்களிலேயே சரிந்தன. நிமோகாக்கஸ் நோய் ஊரடங்கு தொடங்கி நாலு வாரத்தில் 68 விழுக்காடும் எட்டு வாரத்தில் 82 விழுக்காடும் குறைந்தது. ஒப்பிடுவதற்காக அவர்கள் பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸையும் எடுத்துக்கொண்டார்கள். அது பிறந்த குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தாயிடமிருந்து வருவது. முகக்கவசத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அது குறையவே இல்லை. ஆய்வகங்கள் வேலை செய்யவில்லை, மாதிரிகள் வரவில்லை என்ற விளக்கம் இங்கே அடிபட்டுப் போகிறது.

இனி எப்படிக் குறைந்தது என்ற கேள்விக்கு வருகிறேன். எனக்கு இந்த விவகாரத்திலேயே மிகச் சுவையான பகுதி இதுதான். மூச்சின் வழியே பரவும் கிருமி, ஆட்கள் சந்திக்காததால் பரவவில்லை. ஆகவே நோய் குறைந்தது என்று முடித்துவிடலாம் போலத் தோன்றும். வைரஸ்களுக்கு அது சரி. நிமோகாக்கஸுக்கு அது போதாது என்று இஸ்ரேலின் ஆய்வு காட்டியது. நிமோகாக்கஸ் ஆரோக்கியமான சிறு குழந்தைகளின் மூக்கின் உட்பகுதியில் சாதாரணமாகக் குடியிருக்கும் பாக்டீரியா. பெரும்பாலான குழந்தைகளுக்கு அதனால் ஒன்றும் நேராது, சிலருக்கு மட்டும் அது நுரையீரலுக்கோ இரத்தத்துக்கோ இறங்கிவிடும். ரான் டகன் என்ற குழந்தைகள் தொற்றுநோய் வல்லுநரின் குழு, அங்கே ஆண்டுக்கணக்காகக் குழந்தைகளின் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுத்து வந்தது. பெருந்தொற்றின்போதும் அந்த மாதிரிகளில் நிமோகாக்கஸ் ஏறக்குறைய முன்பு இருந்த அளவிலேயே இருந்தது, சிறிதளவே குறைந்தது. ஆனால் அதே குழந்தைகளிடையே நிமோகாக்கஸ் நோய் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. பாக்டீரியா மூக்கில் அப்படியே இருக்க, நோய் மட்டும் எப்படிப் போகும்? அந்தக் காலத்தில் மறைந்துபோனவை, பிராங்கியோலைட்டிஸுக்கு முக்கியக் காரணமான ஆர்.எஸ்.வி., இன்ஃப்ளூயன்சா, மெட்டாநிமோவைரஸ் என்ற மூன்று மூச்சுவழி வைரஸ்கள். வைரஸ் வந்து கதவைத் திறந்துவிடாமல் பாக்டீரியாவால் உள்ளே இறங்க முடியவில்லை என்பதுதான் பொருத்தமான விளக்கம்.

அந்தக் கதவு எப்படித் திறக்கிறது என்பதும் ஓரளவு தெரிந்ததே. இன்ஃப்ளூயன்சா வைரஸ் மூச்சுக்குழாயின் உள்தோலைச் சிதைக்கிறது; சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள் உதிர்கின்றன; வைரஸின் நியூராமினிடேஸ் என்ற நொதி செல்களின் மேலிருக்கும் சியாலிக் அமிலத்தை அறுத்துவிட, அதன் கீழே மறைந்திருந்த இடங்களில் நிமோகாக்கஸ் எளிதாக ஒட்டிக்கொள்கிறது. ஆர்.எஸ்.வி.யும் தன் வழியில் அந்த ஒட்டுதலுக்கு உதவுகிறது. 1918 இன்ஃப்ளூயன்சாப் பெருந்தொற்றில் இறந்தவர்களின் திசுக்களைப் பின்னாளில் பரிசோதித்தவர்கள், அந்த மரணங்களில் பெரும்பாலானவை இரண்டாவதாக வந்த பாக்டீரியா நிமோனியாவால் என்று கண்டதும் இதே வகையில் சேரும். 1918இல் வைரஸ் பரவியதால் பாக்டீரியாவும் கொன்றது; 2020இல் வழக்கமான வைரஸ்கள் பரவாததால் பாக்டீரியாவும் அடங்கியிருந்தது. ஒரே உண்மையின் இரண்டு முனைகள் என்றே இவற்றைச் சொல்ல வேண்டும். இதிலிருந்து வரும் ஒரு நடைமுறை முடிவையும் இங்கேயே சொல்லிவிடலாம்: ஆர்.எஸ்.வி.யைத் தடுக்கும் மருந்தும் ஃப்ளூ தடுப்பூசியும் குழந்தைகளின் பாக்டீரியா நிமோனியாவையும் ஓரளவு குறைக்கும் என்று எதிர்பார்க்க இப்போது வலுவான காரணம் இருக்கிறது.

எல்லாம் ஒரே மாதிரி குறையவில்லை. சாதாரணச் சளியை உண்டாக்கும் ரைனோவைரஸ் மற்றவை மறைந்த காலத்திலும் சுற்றிக்கொண்டிருந்தது. பள்ளிகள் திறந்ததும் முதலில் திரும்பியதும் அதுதான். அதற்குக் கொழுப்புறை இல்லை என்பதால் கைகழுவும் ஆல்கஹாலுக்கு எளிதில் சாவதில்லை. அறிகுறி இல்லாத குழந்தைகளிடமிருந்தும் பரவுகிறது. டெங்குவின் நிலை இன்னும் வேறு. சிங்கப்பூரில் 2020இல் 35,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. அதுவரை அந்த நாடு ஓராண்டில் கண்டிராத எண்ணிக்கை. பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் வளர்வது. மக்கள் பகலெல்லாம் வீட்டில் இருந்தது அதற்கு வசதியாகிவிட்டது. பரவிய டெங்கு வைரஸின் வகை மாறியிருந்ததும் அதற்கு ஒரு காரணம். ஊரடங்கு எல்லாக் கிருமியையும் ஒடுக்கியது என்று பொதுவாகப் பேசுவோருக்கு இந்த ஒரு ஊர் போதும்.

பள்ளிகளை மூடியதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்ற கருத்தும் அவ்வளவு எளிதாக நிற்காது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 2020 குளிர்காலத்தில் பள்ளிகள் திறந்தே இருந்தன, கட்டுப்பாடுகளும் பெரும்பாலும் தளர்ந்துவிட்டன. ஆனாலும் குழந்தைகளிடம் ஆர்.எஸ்.வி. 98 விழுக்காடும் இன்ஃப்ளூயன்சா 99 விழுக்காட்டுக்கு மேலும் குறைந்திருந்தன. எல்லை மூடியிருந்தது, வெளியிலிருந்து புது வித்து வரவில்லை. ஆண்டுதோறும் உலகின் ஒரு கோளத்திலிருந்து மறு கோளத்துக்குப் பயணிகளோடு போய்வரும் வைரஸ்களுக்கு விமானம் எவ்வளவு முக்கியம் என்பது அப்போதுதான் உறைத்தது. இன்ஃப்ளூயன்சா பி வகையின் யமகாட்டா கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. அதைத் தடுப்பூசியில் இனிச் சேர்க்கத் தேவையில்லை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2023 செப்டம்பரில் கூறிவிட்டது. பெருந்தொற்று ஒரு வைரஸ் கிளையையே அழித்திருக்கக்கூடும் என்பது சாதாரணச் செய்தி இல்லை.

இடையில், குறையாமல் புதிதாக வந்த ஒன்றையும் குறிப்பிட வேண்டும். 2020 ஏப்ரலில் பிரிட்டனிலும் இத்தாலியின் பெர்காமோவிலும் சிறு குழந்தைகளின் இரத்தக்குழாய்களில் அழற்சி உண்டாக்கும் கவாசாகி நோயைப் போன்ற கடும் அழற்சியோடு குழந்தைகள் வந்தார்கள். பெர்காமோ மருத்துவர்கள் தங்கள் ஊரில் அத்தகைய நோய் முப்பது மடங்கு கூடியதாக எழுதினார்கள். கொரோனாத் தொற்றுக்குச் சில வாரங்கள் கழித்து வரும் பல்லுறுப்பு அழற்சி அது. அதே காலத்தில் தென்கொரியாவில், கடுமையான கட்டுப்பாடுகளின்போது, வழக்கமான கவாசாகி நோய் ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்தது. காரணம் இன்னதென்று பல பத்தாண்டுகளாகப் பிடிபடாத கவாசாகி நோயை ஏதோ ஒரு பரவும் கிருமி தூண்டுகிறது என்ற ஊகத்துக்கு இது கிடைத்த வலுவான ஆதரவுகளில் ஒன்று.

சரி, திரும்பி வந்த கதை. முதலில் திரும்பியது ஆர்.எஸ்.வி. மேற்கு ஆஸ்திரேலியாவில் 2020 டிசம்பரில், அவர்களுக்கு அது கோடை, வழக்கமான குளிர்கால உச்சத்தையும் தாண்டி ஏறியது. நியூசிலாந்து 2021 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவோடு எல்லையைத் திறந்தது. ஜூலைக்குள் குழந்தைகள் வார்டுகள் நிரம்பின, அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இங்கிலாந்திலும் அதே ஆண்டின் கோடையில் வந்தது. பிராங்கியோலைட்டிஸ் என்றால் என்னவென்று பார்க்காதவர்களுக்காக ஒரு வரி: இரண்டு மாதக் குழந்தையின் நுண்குழாய்கள் வீங்கிச் சளியால் அடைத்துக்கொள்ளும், மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழும், நாலு மிடறு பால் குடித்ததும் வாயை விட்டுவிட்டு மூச்சு வாங்கும், பிறகு பாலே வேண்டாம் என்று களைத்துப் படுத்துவிடும். வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை. ஆக்சிஜனும் குழாய்வழிப் பாலும் கொடுத்துக் காத்திருப்பதுதான் சிகிச்சை. அதற்குக் கட்டிலும் செவிலியரும் வேண்டும். ஆகவேதான் எண்ணிக்கை கூடினால் மருத்துவமனை திணறுகிறது.

பிரெஞ்சுக் குழந்தை மருத்துவர்கள் 2021இல் இதை எதிர்ப்பாற்றல் கடன் என்று அழைத்தார்கள். அந்தப் பெயர் பரவிய வேகத்தில் பொருளும் திரிந்துவிட்டது. குழந்தையின் எதிர்ப்பு மண்டலம் பயிற்சி இல்லாததால் தளர்ந்துவிட்டது என்று பலர் புரிந்துகொண்டார்கள். உண்மையில் இது தனிப்பட்ட குழந்தையைப் பற்றிய கூற்றே அல்ல. ஒரு ஊரின் தலைக்கணக்கு. சாதாரணமாக இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் ஒருமுறையாவது ஆர்.எஸ்.வி. வந்துவிடும். ஒரு குளிர்காலம் வைரஸ் வராமல் போனால், அந்த ஆண்டு பிறந்தவர்கள் அதைச் சந்திக்காமல் அடுத்த ஆண்டுக்குள் நுழைகிறார்கள். அடுத்த ஆண்டுப் பிள்ளைகளும் சேரும்போது முதன்முறை சந்திப்போரின் எண்ணிக்கை இரட்டிப்பாகிவிடுகிறது. பெற்றோருக்கும் அண்டை அயலாருக்கும் அண்மையில் தொற்று வராததால் பரவலும் எளிதாகிறது. தாய்க்கு ஓராண்டாக வைரஸ் வராததால், கருவிலிருக்கும் குழந்தைக்கு அவள் கடத்தும் ஆன்டிபாடியும் குறைகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பெண்களிடமும் குழந்தைகளிடமும் இரத்தம் எடுத்து இந்தக் குறைவை அளந்தே காட்டினார்கள். அவ்வளவுதான் கடன். ஒரு குழந்தையின் எதிர்ப்பு மண்டலம் வீட்டுக்குள் இருந்தாலும் குடல் பாக்டீரியாக்கள், உணவு, தூசி, தடுப்பூசி என்று நாள்தோறும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. குழந்தைக்கு அடிக்கடி நோய் வருவது நல்லது என்று இதிலிருந்து யாராவது முடிவு கட்டினால் அது தவறு. ஆர்.எஸ்.வி. முதன்முறை வரும் வயது ஆறு வாரத்திலிருந்து பதினெட்டு மாதத்துக்குத் தள்ளிப்போவது, அந்த ஒரு குழந்தையைப் பொறுத்தவரை, பெரும் நன்மையே.

கொரோனாத் தொற்றே குழந்தைகளின் எதிர்ப்பாற்றலைச் சிதைத்துவிட்டது, அதனால்தான் மற்றத் தொற்றுகள் ஏறின என்று வேறொரு விளக்கமும் உலவுகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவையும் நியூசிலாந்தையும் மேலே குறிப்பிட்டது இதற்காகவும்தான். ஆர்.எஸ்.வி. அலை அங்கே எழுந்தபோது அங்குள்ள குழந்தைகளில் கொரோனா வந்தவர்கள் மிக மிகச் சிலர். கொரோனா வராத ஊரிலேயே அலை எழுந்திருக்கிறதென்றால், அலைக்குக் கொரோனாவின் சேதம் தேவையில்லை. கொரோனாவின் பிற்பாதிப்பு சில குழந்தைகளிடம் இருக்கலாம். அது தனிக் கேள்வி.

திரும்புதல் எல்லாக் கிருமிக்கும் ஒரே நேரத்தில் நடக்கவில்லை என்பதும் தலைக்கணக்கு விளக்கத்துக்குச் சாதகமானது. ஒவ்வொன்றும் தன் வேகத்தில் வந்தது. இங்கிலாந்தில் கல்லூரிகள் திறந்த 2021 இலையுதிர் காலத்தில் பி வகை மெனிங்கோகாக்கஸ் நோய் பதின்ம வயதினரிடம் முன்பிருந்த அளவையும் தாண்டியது. மற்ற வகைகளுக்கெதிரான தடுப்பூசி அந்த வயதினருக்குப் போடப்பட்டிருந்ததால் அவை அப்படி எழவில்லை. 2022 ஏப்ரலில் ஸ்காட்லாந்தில் காரணம் தெரியாத கல்லீரல் அழற்சியோடு சிறு குழந்தைகள் வந்தார்கள். சிலருக்குக் கல்லீரல் மாற்ற வேண்டியதாயிற்று. பின்னர் அந்தக் குழந்தைகளிடம் ஏ.ஏ.வி.2 என்ற, தனியாகப் பெருக முடியாமல் அடினோவைரஸ் போன்றதன் துணையோடு பெருகும் வைரஸ் காணப்பட்டது. கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் அடினோவைரஸ் ஒரேயடியாகப் பரவியதோடு இது பொருந்திவந்தது.

அந்த ஆண்டின் இறுதியில் வந்த ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ்தான் பெற்றோரை அதிகம் கலக்கியது. தொண்டை வலியும் ஸ்கார்லெட் காய்ச்சலும் தரும் இந்த பாக்டீரியா சிலரிடம் இரத்தத்துக்கும் நுரையீரல் உறைக்கும் புகுந்துவிடும். இங்கிலாந்தில் ஸ்கார்லெட் காய்ச்சலின் உச்சம் வழக்கமாகக் குளிர்காலத்தின் பின்பாதியிலும் வசந்தத்திலும் வரும். 2022இல் டிசம்பரிலேயே வந்துவிட்டது. அதே வாரங்களில் இன்ஃப்ளூயன்சாவும் ஆர்.எஸ்.வி.யும் உச்சத்தில் இருந்தன. வைரஸ் திறந்த கதவு வழியே பாக்டீரியா புகும் அதே கதை இங்கே எதிர்த்திசையில் ஓடியது. நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டிய நிமோனியாவோடு குழந்தைகள் வந்தார்கள். பிரான்ஸ், அயர்லாந்து, நெதர்லாந்து, ஸ்வீடன், பிரிட்டன் ஆகிய நாடுகளில் கடும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நோய் கூடியதை உலகச் சுகாதார நிறுவனம் டிசம்பரில் அறிவித்தது. மருத்துவர்கள் சந்தேகம் வந்ததுமே பெனிசிலின் எழுதலானார்கள். குழந்தைகளுக்கான திரவ ஆன்டிபயாடிக் மருந்துக்கடைகளில் தீர்ந்துபோய், எழுதிய மருந்து இல்லாவிட்டால் மாற்று மருந்தைக் கடைக்காரரே கொடுக்கலாம் என்று அரசு தனி அனுமதி வழங்க வேண்டியதாயிற்று. இது முழுக்கப் பெருந்தொற்றின் விளைவு என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே பரவிய எம்1 கிளையின் நச்சு மிகுந்த உட்பிரிவு பெருந்தொற்றுக்கு முன்பே, 2019இலேயே, ஆய்விதழில் விவரிக்கப்பட்டிருந்தது. பொருத்தமான கிருமி ஏற்கெனவே இருந்தது. சந்திக்காத குழந்தைகளும் வைரஸ்களும் சேர்ந்துகொண்டன.

மெதுவாகப் பரவும் கிருமிகள் மெதுவாகவே திரும்பின. நிமோனியாவை உண்டாக்கும் பாக்டீரியாவான மைக்கோபிளாஸ்மா நிமோனியேவுக்கு உடலுக்குள் புகுந்து நோய் வெளிப்பட இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். எல்லோரும் மறந்துவிட்ட 2023 இறுதியில்தான் அது பெரிதாக வந்தது. வடசீனத்தில் குழந்தைகள் மருத்துவமனைகள் நிரம்பியபோது புதுக் கிருமியோ என்று உலகமே பதறியது. நவம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் விளக்கம் கேட்க, பழகிய கிருமிகள்தான் என்று பதில் வந்தது. கக்குவான் இருமல் அதற்கும் பிந்தியது. இங்கிலாந்தில் 2023இல் உறுதியானவை 900க்கும் குறைவு. 2024இல் 14,000க்கு மேல். கைக்குழந்தைகள் 11 பேர் இறந்தார்கள். தடுப்பூசி போடும் வயதை எட்டாத குழந்தைகளைக் காப்பது கர்ப்பிணிக்குப் போடும் தடுப்பூசி. அதைப் போட்டுக்கொள்வோர் விகிதம் முந்தைய ஆண்டுகளில் சரிந்திருந்தது.

இந்த இடத்தில் ஒரு பிரிவினை செய்ய வேண்டும். ஆர்.எஸ்.வி., மைக்கோபிளாஸ்மா போன்றவற்றின் கடன் ஓரிரு அலைகளில் தீர்ந்துவிடுகிறது; ஆர்.எஸ்.வி. பெரும்பாலான நாடுகளில் தன் பழைய பருவத்துக்குத் திரும்பிக்கொண்டும் இருக்கிறது. தவறவிட்ட தடுப்பூசி அப்படித் தானாகத் தீராது. தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ் ஆகியவற்றுக்கான முத்தடுப்பூசியின் மூன்று தவணையும் பெற்ற குழந்தைகள் உலக அளவில் 2019இல் 86 விழுக்காடு. 2021இல் 81 விழுக்காடு. இந்தியாவில் ஒரு தவணைகூடப் பெறாத குழந்தைகள் 2019இல் 14 லட்சமாக இருந்து 2021இல் 27 லட்சமானார்கள். மறு ஆண்டே 11 லட்சமாகக் குறைத்தது பெரிய சாதனைதான். ஆனால் இடைப்பட்ட காலத்தில் விடுபட்டவர்கள் ஒரே இடத்தில் நெருங்கி வாழ்ந்தால் என்ன ஆகும் என்பதை மும்பையின் கோவண்டி பகுதி 2022 இறுதியில் காட்டியது. தட்டம்மை அங்கே குழந்தைகளைக் கொன்றது. தட்டம்மைக்குப் பிறகு ஏற்கெனவே பெற்ற எதிர்ப்பு நினைவும் ஓரளவு அழிந்துவிடும் என்பதால், பிழைத்த குழந்தைக்கும் மற்றத் தொற்றுகளின் ஆபத்து சில ஆண்டுகள் கூடுதலாகவே இருக்கும். எதிர்ப்பாற்றல் பழுது என்ற சொல்லை எங்காவது பயன்படுத்துவதென்றால் இங்கேதான் பயன்படுத்த வேண்டும்.

கேள்வி கேட்டவருக்கு நேரடியாகச் சொல்வதானால்: 2020, 2021இல் பிறந்த குழந்தை வீட்டில் இருந்தால், அதன் எதிர்ப்பாற்றலை ஏற்றுவதற்கென்று டானிக்கோ தனிச் சத்துமாவோ தேவையில்லை. தடுப்பூசி அட்டையை எடுத்து, 2020 ஏப்ரலிலிருந்து 2021 இறுதி வரை போட வேண்டியிருந்த தவணைகளில் எதுவும் விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். குறிப்பாகத் தட்டம்மை-ரூபெல்லாவின் இரண்டாம் தவணை. விடுபட்டிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எது எந்த வயது வரை போடலாம் என்பதை அட்டையைக் காட்டினால் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் சொல்லிவிடுவார்கள்.